துரத்தாமல் பார்ப்பது: மடுக்காட்டில் வண்ணத்துப்பூச்சிகளுடன் ஒரு காலை

மடு வீதிச் சந்தியில் காலை ஏழரைக்கு வந்து இறங்கினோம். எட்டுப் பேர் உயர்தர வகுப்புப் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், நான். கூடவே ஒரு பிள்ளையின் அம்மம்மாவும் வந்திருந்தா. தேவாலயத்துக்குப் போகும் பொது வீதியின் ஓரமாகத்தான் நடப்பதாக ஏற்பாடு. மடு வீதி சரணாலயம் 2015இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. அதற்குள் போவதற்கு அனுமதி வேண்டும். வீதியோரத்தில் பார்க்கவே ஒரு காலைப்பொழுது போதாது.

ஒன்பது மணி வரை ஒன்றையும் காணவில்லை. பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. உண்மையில் நாங்கள்தான் முந்தி வந்துவிட்டோம். பறப்பதற்கு வேண்டிய உடற்சூட்டை வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் வெயிலில் இருந்தே எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த காலையில் இலைக்கு அடியில் ஒட்டியபடி இருக்கும். வெயில் ஏறியதும் சிறகை விரித்துக் காயும், பிறகுதான் பறக்கும். ஒன்பது மணியில் இருந்து பதினொரு மணி வரை நல்ல நேரம். வன்னியில் மாரி மழை ஓய்ந்து செடிகள் தளிர்விடும் தை, மாசி மாதங்கள் இதற்கு உகந்தவை.

புறப்படும் முன்னரே ஒரு சட்டம் சொல்லியிருந்தோம்: வீதியை விட்டு ஒரு அடியும் காட்டுக்குள் வைக்கக்கூடாது. வேறு இடங்களில் இப்படிப் போகிறவர்கள் ஒரு பூச்சியின் பின்னால் புல்லுக்குள்ளும் பற்றைக்குள்ளும் இறங்குவார்கள். வன்னியில் அது சரிவராது. சிவப்பு மண்டையோட்டுப் பலகையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பலகை இல்லாத இடம் கண்ணிவெடி இல்லாத இடம் என்று எண்ணக்கூடாது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னோம். யானையும் இன்னொரு காரணம்.

துரத்த முடியாது என்றால் என்ன செய்வது? அது வந்து இருக்கும் செடியைத் தெரிந்துகொண்டு, அதன் அருகில் காத்து நிற்க வேண்டும். இலங்கையில் ஏறக்குறைய 250 வகை வண்ணத்துப்பூச்சிகள் உள்ளன. பூக்களில் தேன் குடிப்பதில் அவை அவ்வளவு பேதம் பார்ப்பதில்லை. முட்டை இடுவதற்குத்தான் குறித்த சில செடிகளைத் தேடி வரும். எருக்கலையில் கறுப்பு ஓரம் வைத்த செம்மஞ்சள் பிளெயின் டைகர் முட்டையிடும். கொன்றையையும் ஆவாரையையும் தேடி வருபவை எமிகிரன்ட் என்று அழைக்கப்படும் வெளிர்மஞ்சள், வெள்ளைப் பூச்சிகள். பங்குனி, சித்திரையில் கூட்டம் கூட்டமாக வீதியைக் கடந்து பறப்பவை இவைதான். அவை சிவனொளிபாத மலைக்குப் போகின்றன என்பது பழைய நம்பிக்கை. அந்த மலையின் சிங்களப் பெயரான சமனலவுக்கு வண்ணத்துப்பூச்சி என்றும் பொருள் உண்டு.

பிள்ளைகள் இந்தப் பெயர்களைக் கைத்தொலைபேசியில் தேடிக்கொண்டு நிற்க, அம்மம்மா வீதியோரத்தில் குனிந்து ஒரு சிறிய படர்கொடியைக் காட்டினா. "இது ஆடுதின்னாப்பாளை. பேரே சொல்லுதே, ஆடும் தின்னாது."

ஆடு தின்னாத அந்தக் கொடியைத் தின்றே வளர்கிறது ஒரு புழு. கிறிம்சன் ரோஸ் என்பது அதன் பெயர். கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டை, பின்சிறகில் சிவப்புப் பொட்டுகள், உடம்பும் சிவப்பு. கொடியில் உள்ள நஞ்சை புழு தன் உடம்பில் சேர்த்து வைக்கிறது. சிறகு முளைத்த பிறகும் அது போவதில்லை. ஒருமுறை தின்று பார்த்த குருவி மறுமுறை தொடாது. அதனால்தான் அது அவசரமில்லாமல், ஆளுக்குப் பயமில்லாமல் பறக்கிறது. (இதே நஞ்சு மனிதரின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். கைமருந்தாக இதை உள்ளுக்கு எடுப்பவர்கள் நிறுத்திவிடுவது நல்லது.)

அரை மணி நேரம் அந்த இடத்திலேயே நின்றோம். கிறிம்சன் ரோஸ் இரண்டு வந்தன. மூன்றாவதும் அதுதான் என்று பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். உடம்பைப் பார்க்கச் சொன்னேன். சிறகு அச்சொட்டாக அதே மாதிரி, உடம்பு மட்டும் கறுப்பு. அது கொமன் மோர்மன் வகையின் பெண். அதனிடம் நஞ்சு இல்லை. நஞ்சுள்ளதைப் போல வேடம் போட்டுக் குருவியிடம் இருந்து தப்புகிறது. அதிலும் பெண்களில் ஒரு பகுதிக்குத்தான் இந்த வேடம். ஆண்கள் வெறும் கறுப்பும் வெள்ளையும்.

அம்மம்மாவுக்கு எப்படி இத்தனை செடி தெரியும் என்று பேத்தி கேட்டாள். இடம்பெயர்ந்து வந்து இந்தக் காட்டில் தரப்பாளுக்குக் கீழ் இருந்த காலத்தில் எது தின்னலாம், எது தின்னக்கூடாது, எது காய்ச்சலுக்கு என்று பார்த்துப் பார்த்துப் பழகியதாம். 1999 கார்த்திகையில் தேவாலய வளாகத்தில் எறிகணை விழுந்து, தஞ்சம் புகுந்திருந்த சனங்கள் இறந்ததைப் பற்றி ஒரு வசனம் சொன்னா. பிறகு அடுத்த செடிக்குப் போய்விட்டா. பேத்தி கொப்பியில் பெயர்களை எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இருபத்தேழு பெயர்கள். அவற்றில் பாதிக்கு மேல் எனக்கும் புதியவை.

வழியில் சைக்கிளை நிறுத்திய ஒருவர், "காணி அளக்க வந்தனீங்களோ?" என்று கேட்டார். பூச்சி பார்க்க வந்தோம் என்றதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. தங்கள் காணிகள் காட்டு எல்லைக்குள் போய்விட்டதாக மக்கள் முறையிட்டு வரும் ஊர்களில் இந்தச் சந்தேகம் நியாயமானது. போகிறவர்கள் முதலில் ஊராருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நாங்கள் சொல்லவில்லை, அது எங்கள் பிழை.

வலையும் போத்தலும் கொண்டுபோகவே கூடாது. 2024இல் யால பூங்காவில் வண்ணத்துப்பூச்சி உட்பட நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் பிடித்து வைத்திருந்த இரண்டு இத்தாலியருக்கு ஆறு கோடி ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. கைத்தொலைபேசியில் சிறகின் மேற்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் படம் எடுத்தால் போதும். கிட்டப் போகும்போது உங்கள் நிழல் அதன் மேல் விழக்கூடாது, விழுந்தால் பறந்துவிடும்.

மறுநாள் காலை பேத்தி ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவர்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் குருவி எச்சம் போல ஒரு புழு. கொமன் மோர்மனாகவும் இருக்கலாம், எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியாகவும் இருக்கலாம், வளர்ந்தால்தான் தெரியும், மருந்து அடிக்க விடாதே என்று பதில் போட்டேன். அம்மம்மா ஏற்கெனவே தடுத்துவிட்டாவாம்.