இயக்க அமைப்பு விலகி நிற்கும் இடம்

பதினோராம் வகுப்பில் இயக்க அமைப்புப் பாடம் நடத்தும்போது, "எந்தப் பயன்பாட்டு மென்பொருளும் வன்பொருளை நேரடியாகத் தொட முடியாது" என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி, "எப்போதுமே முடியாதா சார்?" என்றாள். "எப்போதுமே" என்றேன். அது தவறு என்று பிறகுதான் தெரிந்தது.

வலையமைப்புத் துறையில் இந்த விதியைத் தெரிந்தே தளர்த்துகிறார்கள். காரணம் ஒரு கணக்கு. அதைக் கரும்பலகையிலேயே போட்டுக் காட்டலாம். ஈதர்நெட்டில் மிகச் சிறிய பொட்டலம் 64 பைட்டு. அதற்கு முன்னால் வரும் 8 பைட்டையும், அடுத்ததற்கு முன் விட வேண்டிய 12 பைட்டு இடைவெளியையும் சேர்த்தால் 84 பைட்டு, அதாவது 672 பிட்டு. நொடிக்கு 10 ஜிகாபிட் வேகத்தில் ஒரு பொட்டலத்துக்கு 67.2 நானோநொடி ஆகும். நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் பொட்டலங்கள். 3 ஜிகாஹெர்ட்ஸ் செயலிக்கு ஒவ்வொன்றுக்கும் சுமார் 200 துடிப்புகளே மிஞ்சும். குறுக்கீடு வந்து, கெர்னல் ஆராய்ந்து, பயன்பாட்டின் நினைவகத்துக்கு நகலெடுப்பதற்கு அந்த நேரம் போதாது.

2010-ல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கிய டிபிடிகே என்னும் நிரல் தொகுப்பு, வலையமைப்பு அட்டையின் பதிவேடுகளைப் பயன்பாட்டு நிரலின் கைக்கே கொடுக்கிறது. அட்டை, பொட்டலங்களை நேராக அந்த நிரலின் நினைவகத்தில் வைக்கும். நிரல் குறுக்கீட்டுக்குக் காத்திராமல் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கும். தபால்காரர் மணி அடிக்கட்டும் என்றிராமல் வாசலிலேயே உட்கார்ந்திருப்பது போல.

இதற்கு விலை உண்டு. பொட்டலமே வராவிட்டாலும் செயலியின் ஒரு கரு முழுநேரமும் ஓடும். அட்டை இயக்க அமைப்பின் கண்ணிலிருந்து மறைவதால் வழக்கமான கருவிகள் பயன்படா. டிசிபியைக்கூடத் தனியாக எழுத வேண்டும். இதைவிடப் பெரிய ஆபத்து, நிரல் தவறான முகவரியைக் கொடுத்தால் அட்டை வேறொரு நிரலின் நினைவகத்தில் எழுதிவிடலாம் என்பது. இதைத் தடுக்கவே ஐஓஎம்எம்யூ என்ற வன்பொருள் காவல் இருக்கிறது. அதன் எல்லைகளை முதலில் வகுத்துவிட்டுத்தான் லினக்ஸ் கெர்னல் விலகிக்கொள்கிறது.

இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் லூயிஜி ரிஸ்ஸோ உருவாக்கிய நெட்மேப் நடுவழி. பதிவேடுகள் கெர்னலிடமே இருக்கும். பொட்டல நினைவகம் மட்டும் பொதுவில் இருக்கும். 900 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே கருவைக் கொண்டு அந்த 1 கோடியே 48 லட்சத்தை அனுப்ப முடியும் என்று 2012-ல் அவர் காட்டினார். எனக்குப் பிடித்தது இதுதான்.

மறுவாரம் வகுப்பில் என் வாக்கியத்தைத் திருத்தினேன்: "இயக்க அமைப்பின் அனுமதியின்றித் தொட முடியாது." தேர்வில் பழைய வரியை எழுதினாலும் மதிப்பெண் உண்டு என்று சொல்லியிருக்கிறேன்.