கருவியில்லாமல் கடல் கடப்போர் கூடும் களம்

மேற்குப் பசிபிக்கில் உள்ள சட்டவால் என்னும் சிறு தீவில் 2007 மார்ச் 18 அன்று ‘ப்வோ’ சடங்கு நடந்தது. விண்மீன், அலை, காற்று, பறவை ஆகியவற்றை மட்டும் நம்பிப் படகு செலுத்தத் தெரிந்தவரை, தேர்ந்த வழிகாட்டி என்று ஊரறிய ஏற்கும் சடங்கு அது. அன்று அத்தகுதி பெற்ற பதினாறு பேரில் ஐவர் ஹவாய்க்காரர்கள். நடத்திவைத்த மாவ் பியாய்லுக், அதே தீவில் 1932-இல் பிறந்தவர். பசிபிக் கடலோடிகள் விழாக்களுக்கும் படகு அணிவகுப்புகளுக்கும் கூடுவதுண்டு. ஆனால் இந்தக் கலையின் உயிர் ப்வோ போன்ற கூட்டங்களில்தான் இருக்கிறது. ஏட்டில் எழுதப்படாமல், ஆளிடமிருந்து ஆளுக்கே கைமாறி வந்த அறிவு இது.

பாடம் தரையில் தொடங்குகிறது. பாயின் மேல் 32 பவளக் கற்களை வட்டமாக அடுக்குவார்கள். நடுவில் படகு இருப்பதாகக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு கல்லும் ஒரு விண்மீன் உதிக்கும் அல்லது மறையும் இடம். ஒரு விண்மீன் நாள்தோறும் சுமார் நான்கு நிமிடம் முன்னதாக உதிக்கும். உதிக்கும் இடமோ ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. அதனால் தொடுவானமே திசைகாட்டி ஆகிவிடுகிறது. அதில் கிழக்கைக் குறிப்பது திருவோணத்தின் ஆல்டேர். தென்திசைகளுக்குத் தென்சிலுவை ஒன்றே போதும்: அது சாய்ந்து எழுவதும், நிமிர்ந்து நிற்பதும், மறுபக்கம் சாய்ந்து இறங்குவதுமாக ஐந்து நிலைகள் ஐந்து திசைகளைக் காட்டும். உதித்த மீன் உயர ஏறிவிட்டால் திசை காட்டப் பயன்படாது. அதே இடத்தில் அடுத்து எழும் மீனை மாலுமி பிடித்துக்கொள்ள வேண்டும். இப்படி வரிசையாக எழும் மீன்களையெல்லாம் மனத்தில் வைத்திருப்பதே முதல் தேர்ச்சி.

திசை தெரிந்தால் போதாது. வடக்கு தெற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதும் தெரிய வேண்டும். ஹவாயில் துருவ நட்சத்திரம் தொடுவானிலிருந்து ஏறத்தாழ 20 பாகை உயரத்தில் நிற்கும். தெற்கே போகப் போக, சுமார் 111 கிலோமீட்டருக்கு ஒரு பாகை வீதம் தாழ்ந்து, நிலநடுக்கோட்டருகே மறைந்துவிடும். இந்த உயரத்தை அளக்க இந்தியப் பெருங்கடல் மாலுமிகள் முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு பலகையைப் பயன்படுத்தினார்கள். பசிபிக்கில் கண்ணும் நீட்டிய கையும்தான். துருவ மீன் கைவிட்ட பிறகு உச்சி மீன்கள் உதவும். சுவாதி ஹவாய்க்கு ஏறத்தாழ நேர் உச்சியில் கடக்கிறது, சிரியஸ் தாஹிட்டிக்கு. இதைவிட நுட்பமானது இணை மீன்களின் கணக்கு. புனர்பூசத்தின் பொலக்ஸும் சிரியஸும் ஒரே நேரத்தில் மறைந்தால், படகு தாஹிட்டியின் அட்சரேகைக்கு வந்துவிட்டது என்று பொருள். வடக்கே இருந்தால் சிரியஸ் முந்திக்கொள்ளும். வானியல் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இரண்டும் அங்கே ஒரு நிமிட வேறுபாட்டுக்குள்தான் மறைகின்றன.

கிழக்கு மேற்கு நிலையை விண்மீன்கள் இப்படிச் சொல்வதில்லை. அதற்குத் துல்லியமான கடிகாரம் வேண்டும். கடிகாரமில்லாத மாலுமி சென்ற வேகத்தையும் கழிந்த நாட்களையும் கொண்டு மனக்கணக்குப் போடுகிறான். சட்டவால் அடங்கிய கரோலின் தீவுகளில் இதற்கு ‘எட்டாக்’ முறை உண்டு. படகு நிற்பதாகவும், பக்கவாட்டில் உள்ள ஒரு தீவு ஒவ்வொரு விண்மீனின் கீழாகப் பின்னோக்கி நகர்வதாகவும் வைத்துக்கொள்வார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தீவு எத்தனை மீன்களைக் கடந்தது என்பதே பயணத்தின் அளவு. மேகம் மூடிய இரவில் பேரலைகள் வரும் திசை துணை. மாவ் படகின் அடித்தட்டில் படுத்து, அலை தூக்கிப்போடும் விதத்தை உடம்பாலேயே அறிவார். கரை நெருங்குவதைப் பறவை சொல்லும்: வெள்ளை ஆலாக்கள் காலையில் கடலுக்குப் போய் மாலையில் நிலம் திரும்பும்.

இதெல்லாம் தொலைதூரத்துக்கு ஆகாது என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் சொன்னார்கள். நியூசிலாந்து வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ ஷார்ப், பசிபிக்கின் தொலைதூரத் தீவுகளில் மக்கள் குடியேறியது தற்செயல் என்று 1956-இல் வாதிட்டார். இதைச் சோதிக்கவே ஹவாயில் 1973-இல் பாலினேசியக் கடற்பயணச் சங்கம் உருவாகி, ‘ஹோக்குலேயா’ என்ற இரட்டை உடல் படகைக் கட்டியது. அப்போது ஹவாயில் வழி சொல்ல ஆளில்லை. சட்டவாலிலிருந்து மாவை அழைத்துவந்தார்கள். 1976 மே 1 அன்று ஹவாயின் மாவி தீவிலிருந்து புறப்பட்ட படகு, சுமார் 4,000 கிலோமீட்டர் கடந்து ஜூன் 4 அன்று தாஹிட்டியின் பப்பீத்தேயைச் சேர்ந்தது. வரவேற்கத் திரண்டவர்கள் சுமார் 17,000 பேர். நேராகத் தாஹிட்டியைக் குறிவைக்காமல், முன்பே கிழக்கே ஒதுங்கிப் போய், வலைபோல் விரிந்து கிடக்கும் துவாமோட்டு தீவுக்கூட்டத்தை முதலில் பிடித்ததுதான் உத்தி.

ஹவாயைச் சேர்ந்த நைனோவா தாம்சன் 1980-இல் அதே வழியில் தாமே படகை நடத்திக் காட்டினார். ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகக் கோளரங்கில் பல அட்சரேகைகளின் வானத்தைச் சுழற்றிப் பார்த்துக் கற்றவர் அவர். அவர் வகுத்த 32 வீடுகள் கொண்ட விண்மீன் திசைகாட்டியே இன்று ஹவாயில் பாடம். ஆக, ‘மரபு’ என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி அண்மைக் காலத்தில் மீட்டுக் கட்டியது. அதனால் அதன் துல்லியம் குறையவில்லை.

1995-இல் ராயாத்தேயாத் தீவின் தப்புத்தப்புவாத்தேயா என்னும் பழம்புனிதத் தலத்தில் ஹவாய், நியூசிலாந்து, குக் தீவுகள், தாஹிட்டி ஆகிய இடங்களின் படகுகள் ஒன்றுகூடி, பழைய தடையொன்றைச் சடங்குடன் நீக்கின. அந்தத் தலம் 2017-இல் யுனெஸ்கோ உலக மரபிடமானது. மாவ் 2010-இல் காலமானார். அதன் பின் ஹோக்குலேயா 2014 முதல் 2017 வரை உலகைச் சுற்றிவந்தது. 2007-இல் மாவிடம் ப்வோ பெற்ற நைனோவா தாம்சன் அந்தப் பயணத்தின் வழிகாட்டிகளில் ஒருவர்.