பழைய ஜீப்பும் ஆடம்பர மாதிரியும்

பழைய ஜீப் வாகனம் வாங்கவெண்ணும் விம்பிள்டன் வாசகர்கள் முதலிற் பார்க்கவேண்டியது பதிவுத் திகதியாகும். 2023 ஓகஸ்ட் 29 முதல் மேர்ட்டன் உட்பட இலண்டன் நகரசபைப் பகுதிகள் அனைத்தும் மாசுக் கட்டண வலயத்துள் அடங்கிவிட்டன. 2015 செப்டெம்பருக்கு முற்பட்ட டீசல் வாகனங்களிற் பெரும்பாலானவற்றுக்கு, ஓடும் நாளொன்றுக்கு 12.50 பவுண் கட்டணம். கிழமையில் ஐந்து நாள் வேலைக்கோடினால் 62.50 பவுண்!

ஆடம்பர மாதிரியில் வேறொரு பொறியுமுண்டு. புதிதாயிருந்தபோது 40,000 பவுணுக்கு மேல் விலை குறிக்கப்பட்ட பெற்றோல், டீசல் கார்களுக்கு இரண்டாம் ஆண்டு தொடக்கம் ஐந்தாண்டுகள் மேலதிக வீதிவரி அறவிடப்படுகின்றது. அரைவிலைக்கு வாங்கியவரையும் அது விடாது. சாதாரண மாதிரி அவ்வெல்லைக்குள் நிற்க, தோலிருக்கையும் கண்ணாடிக் கூரையும் கொண்டது அதனைத் தாண்டிவிடுவதுண்டு. சேற்றிலே இழுப்பவை நான்கு சக்கர இழுவையும் நல்ல ரயருமே. விலை பேசுமுன் எம்.ஓ.ரி. சோதனை வரலாற்றை அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகப் பாருங்கள். அடிச்சட்டத்தில் துருவென்று எழுதியிருந்தால் வீடு திரும்புங்கள்.