ஏ பக்கம் நீ... பி பக்கம் நான்!

போடிநாயக்கனூர் என்றதும் மூக்கில் ஏலக்காய் மணக்கும். காதில்? இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இதே தேனி மாவட்டம்தான் என்பதால், ஒரு புல்லாங்குழல் கேட்டாலும் ஆச்சரியமில்லை. அப்பேர்ப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு 'டெத் மெட்டல்' பற்றிப் பேசக் கொஞ்சம் தைரியம் வேண்டும். பேசித்தான் பார்ப்போமே!

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவரின் காதில் ஹெட்போனை மாட்டினேன். பத்து விநாடி கேட்டார். கழற்றினார்.

"ஏப்பா, பாடுற தம்பிக்குத் தொண்டை கட்டிருச்சா... இல்ல யாராச்சும் கழுத்தப் புடிச்சிட்டாங்களா?"

இரண்டும் இல்லை. அந்த உறுமலுக்கென்றே தனிப் பயிற்சி உண்டு. கிடாரின் சுருதியைத் தரைமட்டத்துக்கு இறக்கி, டிரம்ஸை இரண்டு காலாலும் மிதித்து, சாவைப் பற்றிப் பாடும் இந்த இசை 1980-களின் நடுவில் அமெரிக்காவில் வளர்ந்தது. ஃப்ளோரிடாவில் உருவான 'டெத்' என்ற குழு 1987-ல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. ரசிகர்கள் கேசட்டுகளைப் பிரதியெடுத்து, தபாலில் மாற்றிக்கொண்டே உலகம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள்.

நம்மவர்களும் சும்மா இல்லை. சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய 'ருத்ரா' குழு, இந்த உறுமலோடு சம்ஸ்கிருத மந்திரங்களைச் சேர்த்தது. ஆனால், முதல் முழு ஆல்பம் வர 1998 ஆயிற்று. ஆறு வருஷம்!

ரேடியோ போடாது. சினிமா சீந்தாது. கல்யாண வீட்டில் போட்டால் மாப்பிள்ளையே மண்டபத்தை விட்டு ஓடுவார். பிறகு எப்படித்தான் பிழைக்கிறார்கள்? இந்த இடத்தில்தான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். கண் விழித்தான்!

வீட்டுப் பரணில் பழைய கேசட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம். காதல் படத்துக்காக வாங்கியவர், சும்மா இருக்கிறதே என்று திருப்பிப் போட்டு, மறுபக்கத்துப் பாட்டில் மயங்கியதுண்டு. அதே சமாச்சாரம்தான் 'ஸ்ப்ளிட்'. ஒரே தகட்டில் இரண்டு குழு, ஆளுக்கொரு பக்கம். ஏழு அங்குலத் தகடு என்றால் பக்கத்துக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தால் பெரிசு.

இதைவிடச் சின்னதும் உண்டு. 1989-ல் இங்கிலாந்தின் நேபாம் டெத், எலக்ட்ரோ ஹிப்பீஸ் குழுக்கள் சேர்ந்து ஒரு தகடு போட்டன. பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரே ஒரு விநாடி! தும்மி முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

சிரிப்பு இருக்கட்டும், கணக்குக்கு வருவோம். தகடு அச்சடிப்பதில் முதல் பிரதிக்கு ஆகிற செலவுதான் மலை போல நிற்கும். போடிமெட்டு வளைவுகளில் ஏறும் ஜீப்புக்கு ஒரே ஆள் வாடகை கொடுத்தால் கட்டுப்படியாகுமா? பத்துப் பேர் ஏறினால்தானே வண்டி நகரும்! இங்கேயும் அப்படித்தான். செலவு பாதி. உன் ரசிகன் என் பாட்டைக் கேட்பான், என் ரசிகன் உன் பாட்டைக் கேட்பான். ஆக, வரவு இரட்டிப்பு.

இந்த ஜீப் எல்லை தாண்டியும் ஓடுகிறது. இலங்கையின் 'ஜெனோசைட் ஷ்ரைன்ஸ்' குழுவுக்கு 2015-ல் ஆல்பம் போட்டுக் கொடுத்தது பெங்களூரைச் சேர்ந்த 'சைக்ளோபியன் ஐ' என்ற சின்ன நிறுவனம். அந்த ஆல்பத்தின் முழ நீளப் பெயருக்குள் நம்ம ஊர் 'கோவில்' என்ற வார்த்தை ஒளிந்திருக்கிறது! 2017-ல் அதே குழுவும், இன்னொரு இலங்கைக் குழுவான 'செர்பென்ட்ஸ் அதெர்ஸ்ட்'டும், நியூசிலாந்தின் 'ஹெரெசியார்க்' உள்ளிட்டவர்களும் கூட்டுச் சேர்ந்தார்கள். ஒரே வெளியீட்டில் நாலு குழு!

2010-களில் மும்பையின் 'டார்மன்ட் இன்ஃபெர்னோ'வும், லாகூரின் 'டயனைசஸ்'ஸும் ஒரு ஸ்ப்ளிட்டில் சேர்ந்தன. கிரிக்கெட்டில்கூட இரண்டு நாடும் சேர்ந்து ஆடத் தயங்கிய காலம் அது. சாவைப் பாடுகிறவர்கள் சத்தமில்லாமல் கைகுலுக்கிவிட்டார்கள். மன்னிக்கவும், சத்தத்தோடுதான்!

'இப்போதுதான் செல்போனில் எல்லாப் பாட்டும் ஓசியில் கிடைக்கிறதே, இன்னும் எதற்குப் பங்குத் தகடு?' என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால், கோடிக் கணக்கான பாட்டுகள் கொட்டிக் கிடக்கும் சந்தையில் முகம் தெரியாத பையனின் பாட்டை யார் தேடிப் போய்க் கேட்பார்கள்? 'இவன் நம்மாளு, கேட்டுப் பாரு' என்று சொல்ல ஒருத்தர் வேண்டாமா?

கூட்டு வியாபாரக் கணக்கில் 'நற்பெயர்' என்று ஓர் இனம் வரும். புதிதாகச் சேரும் பங்காளி, பழைய பங்காளிகள் சம்பாதித்த நற்பெயருக்காகப் பணம் கட்டிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஸ்ப்ளிட்டில் மட்டும் கணக்கு தலைகீழ். பெயர் பெற்ற குழு, பெயரில்லாத குழுவுக்குத் தன் நற்பெயரில் பாதியை வட்டியில்லாமல் கொடுத்துவிடுகிறது. வாங்குகிறவர் மறுபக்கத்தைத் திருப்பாமலேயே போய்விடலாம் என்ற பயம் சின்னக் குழுவுக்கு எப்போதும் உண்டு. தெரிந்தேதான் பாதிச் செலவைப் போடுகிறது.

ஆகவே, எந்தப் பாட்டானாலும் சரி... பி பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் போட்டுவிடுங்கள். அங்கே ஒருத்தன் தொண்டை கிழியக் காத்துக்கொண்டிருப்பான்!