தொலைபேசிக் கம்பனியின் கணக்கும் எமது கணக்கும்

படுவான்கரையில் இன்று கைத்தொலைபேசி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. வட்டைக்குக் காவலுக்குப் போகிறவரின் மடியிலும் ஒன்று இருக்கிறது. ஆயினும் இந்தச் சேவையைத் தரும் கம்பனி எதை விற்றுப் பிழைக்கிறது என்று கேட்டால், "நாம் போடும் றீலோட் காசுதானே" என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்வர். அது பாதி விடைதான். கம்பனியின் வருமானம் எந்த வழியாக வருகிறதோ அந்த வழியில்தான் கோபுரங்களும் எழும். ஐந்தாந் தலைமுறை வலையமைப்புப் பற்றிப் பெரிதாகப் பேசப்படும் இந்நாட்களில், உன்னிச்சைக் குளத்தின் கீழ் வேளாண்மை செய்யும் குடும்பங்களும் இந்தக் கணக்கைச் சற்று அறிந்திருத்தல் நல்லது.

முதலில் கம்பிக் காலத்தைப் பார்ப்போம். அக்காலத்தில் தொலைபேசி என்பது வீட்டுக்குரியது, ஆளுக்குரியதல்ல. கம்பம் நாட்டிக் கம்பி இழுப்பதற்குப் பெருஞ்செலவு. அந்தச் செலவு மாதாமாதம் வரும் பட்டியல் மூலம் பல ஆண்டுகளில் மெல்ல மெல்லத் திரும்பி வரவேண்டும். ஆகவே விண்ணப்பிப்பவருக்கு நிலையான முகவரி வேண்டும், வைப்புப்பணம் வேண்டும், காத்திருக்கப் பொறுமையும் வேண்டும். அரச திணைக்களமாக இருந்த இச்சேவை 1991இல் கூட்டுத்தாபனமாகி, 1997இல் ஜப்பானிய என்.ரி.ரி. நிறுவனம் பங்கு வாங்கிய கம்பனியான பின்னரும் கம்பியின் கணக்கு மாறவில்லை. 1990இல் உடுத்த உடையோடு ஊரைவிட்டு வெளியேறிய குடும்பம் ஒன்றுக்கு இக்கணக்கில் இடமே கிடையாது. முகவரியே இல்லாதவருக்கு எந்த முகவரிக்குப் பட்டியல் அனுப்புவது?

கம்பியில்லாத் தொலைபேசி வந்தபோதும் அது உடனே ஏழையிடம் வரவில்லை. 1989இல் செல்ரெல் நிறுவனம் இலங்கையில் தொடங்கிய கைத்தொலைபேசிச் சேவை தெற்காசியாவிலேயே முதலாவது. அது வசதி படைத்தோரின் பொருளாகவே இருந்தது. வந்த அழைப்பை எடுத்தாலும் காசு கொடுக்கவேண்டிய காலம் அது. 1995இல் டயலொக் எண்முறைச் சேவையைத் தொடங்கியது. 1996இல் சன்ரெல், லங்கா பெல் ஆகிய இரு கம்பனிகள் கம்பிக்குப் பதிலாக அலைமூலம் வீட்டுத் தொலைபேசி கொடுக்க முன்வந்தன.

உண்மையான மாற்றம் கருவியிலல்ல, காசு வாங்கும் முறையில் ஏற்பட்டது. முற்கொடுப்பனவு முறை வந்ததும் பட்டியல் தேவையில்லை, முகவரி தேவையில்லை, கடன் அறவிட ஆள் அனுப்பத் தேவையில்லை. ஐம்பது ரூபா போட்டவனுக்கு ஐம்பது ரூபாவுக்குப் பேச்சு. போடியாரும் வியாபாரியும் முற்பணம் கொடுத்து எமது நெல்லைப் பிடிப்பதை நாம் அறிவோம். இங்கே முற்பணம் கொடுப்பவர்கள் நாம், வாங்குவது கம்பனி! ஆயினும் இம்முறைதான் கூலியாளையும் அகதியையும் வாடிக்கையாளராக்கியது. 2007இல் படுவான்கரையிலிருந்து மக்கள் மீண்டும் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, எண் ஒன்றை வைத்திருந்தவர் எந்த முகாமில் இருந்தாலும் அந்த எண்ணிலேயே இருந்தார். வீடு போனாலும் எண் போகவில்லை. கம்பிக் காலத்தில் இதை நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

அடுத்த வருமானம் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. சவூதிக்கும் குவைத்துக்கும் லெபனானுக்கும் பணிப்பெண்களாகப் போன எமது பெண்கள் வீட்டுக்குப் பேசிய ஒவ்வொரு நிமிடத்திலும் ஒரு பங்கு இலங்கைக் கம்பனிகளுக்குச் சேர்ந்தது. உள்ளூர் அழைப்பைவிட இதில் இலாபம் அதிகம். இதனைக் கண்ட அரசாங்கம் 2004ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் மூலம் சர்வதேச அழைப்புகளைக் கையாளும் கம்பனிகள்மீது ஒரு தீர்வையை விதித்தது. சேவை எட்டாத பகுதிகளில் வலையமைப்பு அமைப்போருக்கு அதில் ஒரு பங்கு உதவவேண்டும் என்பது ஏற்பாடு. நேராகச் சொன்னால், பிறநாட்டில் பாத்திரம் கழுவிய பெண் பேசிய பேச்சின் காசில், அவள் ஊருக்குக் கோபுரம் வரவேண்டும் என்பதாகும். கோபுரம் கேட்பது தருமம் கேட்பதல்ல என்று நாம் சொல்வது இதனாற்றான்.

இப்போது அந்த வாய்க்கால் வற்றிவருகிறது. மகள் வட்ஸ்அப்பிலோ இமோவிலோ முகம் பார்த்துப் பேசுகிறாள். சர்வதேச அழைப்பு என்ற ஒன்று அங்கே நடப்பதேயில்லை. எமக்கு அது பெரும் ஆறுதல். கம்பனிக்கோ பேச்சை விற்கும் காலம் முடிந்து, 'டேட்டா' விற்கும் காலம் வந்துவிட்டது. இந்தியாவில் 2016 செப்டெம்பரில் ஜியோ நிறுவனம் பேச்சை இலவசமாக்கி டேட்டாவை மிக மலிவாகக் கொடுத்தபோது மற்றக் கம்பனிகள் ஆட்டங்கண்டன. தமிழ்நாட்டில் பெயர்பெற்றிருந்த ஏர்செல் 2018இல் முறிந்துபோயிற்று. அதே ஆண்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. இலங்கையிலும் 2018இல் எதிசலாத் ஹட்ச்சுடன் சேர்ந்தது, 2024இல் எயார்டெல் டயலொக்குடன் சேர்ந்தது. ஐந்தாக இருந்த கைத்தொலைபேசிக் கம்பனிகள் மூன்றாயின. ஆலை முதலாளிகள் மூவரே இருக்கும் சந்தையில் நெல் விலை யார் கையில் இருக்கும் என்பதை உங்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

இனி ஐந்தாந் தலைமுறைக்கு வருவோம். திருவிழா இரவுகளில் வாவிக்கு அக்கரையில் ஒலிபெருக்கி பாடும்போது இக்கரையில் எமக்குக் கேட்பது மேளத்தின் கனத்த ஓசை மட்டுமே. மெல்லிய கீச்சுக் குரல் நடுவழியில் கரைந்துவிடும். வானொலி அலைகளும் ஏறக்குறைய அப்படித்தான். அதிர்வு குறைந்த அலை தூரம் போகும், மரஞ்செடி தாண்டியும் சுவர் துளைத்தும் போகும். ஆனால் குறைந்த அளவு தகவலையே சுமக்கும். அதிர்வு கூடிய அலை பெருஞ்சுமை தூக்கும். ஆனால் விரைவில் களைத்துவிடும். ஐந்தாந் தலைமுறை தன் முழு வேகத்தையும் காட்டுவது இந்த இரண்டாவது வகை அலைகளில். எனவே கோபுரங்கள் நெருக்கமாக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி இழைக் கம்பியும் மின்சாரமும் வேண்டும். கொழும்பில் ஒரு கோபுரத்தின் நிழலில் ஆயிரக்கணக்கானோர் இருப்பர். வயலும் காடும் குளமும் கலந்த எமது பகுதியில் அதே அளவு நிலத்தில் சில குடும்பங்களே இருக்கும். கம்பனி எங்கே முதலில் நடும்?

இவ்வளவு செலவை எமது ஐம்பது ரூபா தாங்காது என்பதைக் கம்பனிகள் அறியும். ஆகவே வேறு வாடிக்கையாளரைத் தேடுகின்றன. தொழிற்சாலை, துறைமுகம், மருத்துவமனை ஆகியவற்றுக்கு வலையமைப்பின் ஒரு துண்டைத் தனியாக ஒதுக்கி வாடகைக்கு விடுவது ஒரு வழி. ஜெர்மனியில் 2019 முதல் இதற்கென அலைவரிசையின் ஒரு பகுதியே ஒதுக்கப்பட்டு, தொழிற்சாலைகள் தாமே உரிமம் பெற்றுச் சொந்த வலையமைப்பை நடத்துகின்றன. மற்றொரு வழி, கம்பிக்குப் பதிலாக அலைமூலம் வீட்டுக்கு இணையம் கொடுத்து மாதக் கட்டணம் அறவிடுவது. கைத்தொலைபேசிவழிப் பணப் பரிமாற்றமும் உண்டு. கென்யாவில் எம்-பெசா 2007இலும் இலங்கையில் ஈசி காஷ் 2012இலும் தொடங்கின. அங்கே கம்பனி தரகுக் காசில் வாழ்கிறது.

இவற்றுள் மாதக் கட்டண வழியை நாம் கவனமாகப் பார்க்கவேண்டும். கம்பிக் காலத்தில் இருந்தது போலவே முகவரியும் மாதப் பட்டியலும் அதில் திரும்பி வருகின்றன. விவசாயியின் கையில் காசு புழங்குவது பெரும்போக அறுவடையிலும் சிறுபோக அறுவடையிலுமாக ஆண்டில் இரு தடவை. மாதச் சம்பளக்காரனை மனத்தில் வைத்துச் செய்த திட்டம் அவனுக்குப் பொருந்தாது. சிறிய டேட்டாப் பொதிகளிலும் இந்தச் சங்கடம் உண்டு. ஏழு நாளில் முடியும் பொதியை வாங்கி, மூன்று நாள் வயலில் நின்றுவிட்டு வந்தால் மிச்சம் காலாவதியாகிவிடும். நாம் பாவிக்காமல் விட்டதும் கம்பனிக்கு வருமானமே. பொதி வாங்கும்போது எத்தனை ஜீ.பி. என்று மட்டும் பாராமல் எத்தனை நாள் என்றும் பாருங்கள்.

எமக்கு வேகம் வேண்டாமா என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். பிள்ளைகளின் படிப்புக்கு வேண்டும்தான். ஆயினும் வேளாண்மைக்கு முதலில் வேண்டியது வேகமல்ல, அறாத தொடர்பு. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை எண்ணுக்குச் சாதாரண அழைப்பே போதும். யானையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில், யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாகத் தொழிலாளருக்கு அறிவித்தும், கைத்தொலைபேசியால் ஏற்றக்கூடிய சிவப்பு விளக்குகளை உயரத்தில் எரியவிட்டும் உயிரிழப்பைக் குறைத்த முயற்சிக்காக ஆனந்தகுமார் என்ற ஆய்வாளர் 2015இல் விற்லி விருது பெற்றார். அங்கே பயன்பட்டது பழைய குறுஞ்செய்திதான். ஆனால் பரணில் இருப்பவனின் தொலைபேசிக்கு இரவு இரண்டு மணிக்கும் அலை எட்டவேண்டும். அந்த நேரத்தில் ஒரு கோடு அலையும் இல்லாவிட்டால் ஐந்தாந் தலைமுறை இருந்தென்ன, ஆறாம் தலைமுறை வந்தென்ன.

வானிலிருந்து செய்மதி மூலம் வரும் ஸ்டார்லிங்க் சேவைக்கும் இலங்கையில் 2024இல் உரிமம் கொடுக்கப்பட்டது. கோபுரமே தேவையில்லை என்பது அதன் சிறப்பு. ஆயினும் தனிக் குடும்பமாக வாங்க எமக்கு எட்டாத விலை. பாடசாலையோ கூட்டுறவுச் சங்கமோ வாங்கிப் பகிர்ந்தால் யோசிக்கலாம்.

பகிர்வது பற்றிப் பேசும்போது மெக்சிக்கோவின் வஹாக்கா மாநிலத்தைச் சொல்லாமல் விட முடியாது. தலேயா என்ற மலைக்கிராமம் இலாபம் இல்லை என்று கம்பனிகளாற் கைவிடப்பட்டிருந்தது. அங்கு வாழும் சப்போத்தெக் பழங்குடி மக்கள் 2013இல் றைசோமாற்றிக்கா என்ற அமைப்பின் உதவியோடு சிறிய கோபுரம் ஒன்றை நட்டுத் தாமே கைத்தொலைபேசிச் சேவையை நடத்தத் தொடங்கினர். அருகிலுள்ள கிராமங்களும் சேர்ந்து சங்கமாயின. 2016இல் அந்நாட்டு அரசு அச்சங்கத்துக்குச் சமூக உரிமமாகவே அலைவரிசை கொடுத்தது. அலைவரிசை காற்றைப் போலப் பொதுச்சொத்து. அதைக் கம்பனிக்கு மட்டுமே கொடுக்கவேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. எமது நாட்டில் இன்று அதைச் செய்வது கடினமே. ஆனால் வாய்க்கால் திருத்தக் கூட்டம் கூடத் தெரிந்த கமக்காரர் அமைப்புகளுக்கு இது விளங்காத விடயமல்ல.

இப்போதே செய்யக்கூடியது வேறொன்று. 1996இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, 2020ஆம் ஆண்டின் பின்னர், சேவை குறைந்த கிராமங்களில் கோபுரம் அமைக்கக் கம்பனிகளுக்கு உதவும் திட்டமொன்றைத் தொடங்கியது. எந்த வட்டையில், எந்த வீதியில், எந்தக் கம்பனியின் அலை எட்டவில்லை என்பதை நாள், நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். கமக்காரர் அமைப்பின் கடிதத் தலைப்பில், பிரதேச செயலாளர் ஊடாக ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். இரண்டு விடயங்களைக் கேளுங்கள்: ஒரு கோபுரத்தை மூன்று கம்பனிகளும் பகிரவேண்டும், தூரம் போகும் தாழ்ந்த அலைவரிசையைப் பெறும் கம்பனிக்குக் கிராமங்களையும் எட்டவேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்படவேண்டும். கடிதத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ள மறவாதீர்கள். பதிவுத் தபாற் பற்றுச்சீட்டையும் அதோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.