உத்தமபாளையத்துப் பாறைச் சிற்பங்கள்

முல்லைப் பெரியாற்று நீரால் நெல்லும் திராட்சையும் செழித்து வளரும் நிலப்பரப்பு, தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. ஆங்குள்ள பேரூர்களுள் ஒன்று உத்தமபாளையம். அவ்வூரை அடுத்த சிறு குன்றில் கருப்பண்ணசாமி கோயில் கொண்டிருத்தலின், அதனை மக்கள் கருப்பண்ணசாமி பாறை என வழங்குவர். சாமியை வணங்கச் செல்வோர் பாறையைச் சற்றே உற்று நோக்கின், பழைய வழிபாடு ஒன்றன் சுவட்டையும் அங்கே காண்பர்.

பாறையின் முகத்தில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சில நின்ற கோலத்தின. சில அமர்ந்த கோலத்தின. பாம்பு படம் விரித்து நிழல் செய்ய நிற்பவர் பார்சுவநாதர். முக்குடையின் கீழ் அமர்ந்த உருவங்களும் உள. அவற்றில் ஆடையில்லை, அணிகலனும் இல்லை. துறவின் அமைதி ஒன்றே அவற்றின் அழகு.

சமண முனிவர் உறைவிடத்தைப் பள்ளி என்றல் பண்டை வழக்கு. இன்று சிறார் கல்வி பயிலும் இடத்தையும், இசுலாமியர் தொழும் இடத்தையும் அச்சொல்லாலேயே குறிக்கின்றோம்.

கோயில் எடுப்போர் கல்லைப் பெயர்த்துக் கொணர்ந்து அடுக்குவர். இங்கோ, கல்லைத் தேடிச் சிற்பியே சென்றான். உருவத்தை வரைந்து, சுற்றியுள்ள கல்லை உளியால் அகழ்ந்து நீக்கினான். உருவம் புடைத்து நின்றது. இதனைப் புடைப்புச் சிற்பம் என்பர். உளி தவறினால் மாற்றுக் கல் எடுக்க இயலாது. ஆதலின் கைத்திறனோடு பொறுமையும் அவனுக்கு வேண்டியிருந்தது.

உருவங்களின் அருகே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. பாண்டி நாட்டில் பெருவழக்காயிருந்த அவ்வெழுத்து, சோழராட்சி அங்கே பரவியபின் படிப்படியாக மறைந்தது. ஆதலின், எழுத்தின் வடிவமே இச்சிற்பங்களின் பழமைக்குச் சான்று கூறும், இவை கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. உருவங்களைச் செய்வித்தோர் பெயர்களை அக்கல்வெட்டுகள் அறிவிக்கின்றன. அவருள் ஒருவர் அச்சணந்தி முனிவர். ஆனைமலை, அழகர்மலை, ஐவர்மலை முதலிய இடங்களிலும் அவர் பெயர் காணப்படுகின்றது. மதுரைக்கு அருகேயுள்ள சமணர் மலையில் அவர்தம் தாயார் குணமதியாரும் ஒரு திருவுருவம் செய்வித்தார்.

இப்பாறை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. எனினும், காவலர் கண் எப்பொழுதும் எங்கும் இருத்தல் அரிது. பழைய சிற்பங்களைக் காணச் செல்வோர் சிலர் தம் பெயரைக் கரியாலும் வண்ணத்தாலும் கல்லில் எழுதி மீள்கின்றனர். ஒருநாள் உலாவந்தவர் பெயரின்கீழ் ஆயிரம் ஆண்டு நின்ற பெயர் மறையலாமோ? மழையும் வெயிலும் அழியாது விட்டதை மாந்தர் கை அழித்தல் கூடாது. காண்போம்; கற்போம்; கண்டவாறே நமக்குப் பின் வருவோர்க்கு விட்டு வருவோம்.