விடுதிகளில் மின்தூக்கி

விடுதிகளில் மின்தூக்கிக்குக் காத்திருக்கையில் நாம் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துகிறோம். அதனால் பயனில்லை. காத்திருக்கும் நேரம், கட்டடம் எழும்புமுன் வரைபடத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூ விடுதி 1859இல் நீராவியால் இயங்கும் தூக்கியை அமைத்தது. சிங்கப்பூரில் 1986இல் வெஸ்டின் ஸ்டாம்ஃபர்ட் என்ற பெயரில் திறக்கப்பட்ட விடுதியோ 226 மீட்டர் உயரம். அங்கே படியேறி அறைக்குப் போக யாரால் முடியும்?

ஒரு கணக்குப் போடுவோம். மின்தூக்கி ஒன்று மேலே சென்று, இடையிடையே நின்று, கீழே திரும்ப 120 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு இருந்தால் சராசரியாக 30 விநாடிக்கு ஒன்று வரும். பழுதுபார்க்க ஒன்றை நிறுத்தினால் 40 விநாடி. ஆகவே அவ்வேலையைக் காலையில் செய்யலாகாது. அலுவலகங்களில் காலையில் பெரும்பாலோர் மேலே செல்பவர்கள். விடுதியிலோ பசியாற இறங்குவோர், பசியாறிவிட்டு ஏறுவோர், மூட்டை முடிச்சுகளோடு அறையைக் காலி செய்வோர் எல்லாரும் ஒரே வேளையில் வருவர். பன்னிருவர் ஏறும் கூண்டில் பெட்டிகளும் புகுந்தால் அறுவர் நிற்பதே அரிது.

பணியாளருக்கென்று தனித் தூக்கி வேண்டும். செலவு மிச்சமென்று அதை விட்டுவிட்டால், படுக்கை விரிப்பு வண்டியோடு நிற்கும் பெண் விருந்தினருக்கு வழிவிட்டே நேரத்தை இழப்பார். அவர் துப்புரவாக்க வேண்டிய அறைகளின் எண்ணிக்கை மட்டும் குறையாது.